முன்னால் தண்ணீர் இருக்கிறது

கடல் இல்லாத நாட்டின் கடற்படையில் நான் ஒரு வருஷம் சேவை செய்தவன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். எங்கள் பொலிவியாவுக்கு இருந்த கடற்கரையைச் சிலி பிடுங்கிக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடல் போனாலும் கடற்படையை நாங்கள் விடவில்லை. அதை டிட்டிகாக்கா ஏரியில் மிதக்கவிட்டு, வருஷா வருஷம் பையன்களைப் பிடித்துவந்து மாலுமியாக்கிக்கொண்டிருக்கிறோம்.

என் பெயர் வில்மர் கிஸ்பெர்ட், எல் ஆல்ட்டோக்காரன். சேவைக்குப் போவதற்கு முன்னால் மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு ஊர் பேர் கூவுவதுதான் என் பிழைப்பு. "சேஹா, சேஹா, ரியோ செக்கோ! ஏறுங்க, ஏறுங்க, உக்கார இடமிருக்கு!" என்பேன். இடம் இருக்காது. ஏறின பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். அதற்குள் வண்டி கிளம்பியிருக்கும்.

ராணுவச் சேவை முடித்த புத்தகம் கையில் இல்லாதவனை எங்கள் பக்கத்தில் யாரும் ஆம்பிளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வேலையும் கிடைக்காது, பெண்ணும் கிடைக்காது. அதனால் போனேன். போகிற அன்றைக்கு அம்மாவோடு பெரிய சண்டை. அம்மா சந்தையில் பெரிய கெட்டிலில் ஆப்பி விற்கிறவள், ஊதா மக்காச்சோளத்தைக் கொதிக்கவைத்த அந்தப் பானத்தை. கெட்டிலைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "உனக்கு வாய்தான்டா இருக்கு, முதுகெலும்பு இல்ல. மூணே நாள்ல செவுரு ஏறிக் குதிச்சு ஓடியாந்துருவ." நான் தகரக் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் ஒரு ஃபோன்கூடப் பண்ணவில்லை. ரோஷம்.

முகாமில் முதல் ஏழு மாதம் யாருக்கும் பெயர் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பெயர்: சொறி. "ஏய் சொறி, இங்க வா!" என்றால் நாற்பது பேர் ஓட வேண்டும். மொட்டை அடித்த மறுநாள் கண்ணாடியில் என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. விசில் ஊதி மூன்று நிமிஷத்தில் படுக்கையை மடித்து, பூட்ஸ் கட்டி, வெளியே நிற்க வேண்டும். ஒருத்தன் லேட் என்றால் எல்லோரும் தவளைபோலக் குதித்துக்கொண்டே மைதானத்தைச் சுற்ற வேண்டும். ஏரி இருக்கிற அந்தக் கிட்டத்தட்ட நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இருபது குதிக்குள் நுரையீரல் வாய்க்கு வந்துவிடும். முதல் வாரம் லேட்டானவனைத் திட்டினோம். மூன்றாம் வாரம் அவன் பூட்ஸை நாங்களே கட்டிவிட்டோம். எப்படி மாறினோம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் விசிலுக்கு முன்னாலேயே விழிப்பு வந்தது. என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

எங்கள் சார்ஜென்ட் தர்கீனோ கத்தவே மாட்டார். கத்துகிற சார்ஜென்ட்டைச் சமாளிக்கலாம், வண்டிக்கார முதலாளியிடம் பழகின எனக்கு அது சங்கீதம். இவர் பக்கத்தில் வந்து, காதோடு காதாக, "திரும்பப் பண்ணு" என்பார். அவ்வளவுதான். அதை எட்டாவது தடவை கேட்கும்போது அழுகை வந்துவிடும்.

எனக்கு அதிகமாகத் தண்டனை வாங்கிக் கொடுத்தது என் வாய். வரிசையில் நிற்கும்போது பேசக் கூடாது, நான் பேசுவேன். எனக்கு அடுத்தபடியாகத் தண்டனை வாங்கியவன் எவாரிஸ்தோ வலேரோ. பக்கத்துக் கட்டில்காரன். அவன் பேசவே மாட்டான்.

எவாரிஸ்தோ 'ஊரு' என்கிற பழங்குடி இனத்தவன். போப்போ ஏரிக்கரையில் தலைமுறை தலைமுறையாக மீனும் வாத்தும் பிடித்துப் பிழைத்தவர்கள். அந்த ஏரி வற்றிப்போனது ஊரறிந்த செய்தி. பயிற்சி எல்லாவற்றிலும் அவன்தான் எங்களில் முதல். மூச்சு வாங்காமல் ஓடுவான், முடிச்சு போட்டால் பிரிக்க முடியாது, போர்வை மடிப்பைக் கத்தியால் வெட்டியதுபோல் வைப்பான். படகில் உட்காரவைத்தால் மட்டும் எல்லாம் போச்சு.

எங்கள் பயிற்சிப் படகில் எட்டுத் துடுப்பு, ஒரு சுக்கான். துடுப்புப் போடுகிற எட்டுப் பேரும் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். படகு போகிற திசைக்கு முதுகு. சுக்கான்காரன் ஒருத்தன் மட்டும் முன்னால் பார்ப்பான். எவாரிஸ்தோ மூன்று துடுப்பு ஒழுங்காகப் போடுவான், நாலாவதுக்குத் தலையைத் திருப்பி முன்னால் பார்ப்பான். திரும்பினால் கை பிந்தும், அவன் துடுப்பு அடுத்தவன் துடுப்பில் மாட்டும், எட்டும் சிக்கிக்கொண்டு படகு நடு ஏரியில் நின்றுவிடும்.

"முன்னாடி பாக்கறது என் வேல," என்பார் சார்ஜென்ட், அதே மெல்லிய குரலில். "எல்லாரும் முன்னாடியே பாத்தா தண்ணிய யாருடா தள்றது?"

"உத்தரவு, சார்ஜென்ட்!" என்பான் எவாரிஸ்தோ. மூன்று துடுப்பு. திரும்புவான்.

"திரும்பப் பண்ணு."

துடுப்புகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கொடிக்கம்பம் வரைக்கும் மேட்டில் ஓடுவோம், அவன் ஒருத்தனுக்காக எட்டுப் பேர். எனக்கு அவன்மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "உன் முதுகுல என்னடா இருக்கு, முள்ளா?" என்று கேட்பேன். அவன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவான்.

ஆகஸ்ட் ஏழு நாட்டுக்கு ராணுவ நாள், எங்களுக்குக் கொடி நாள். சொறியெல்லாம் கொடி முன்னால் சத்தியம் செய்து சிப்பாயாகிற நாள். குடும்பங்கள் நாடு முழுக்க இருந்து வரும். சத்தியம் முடிந்ததும் தேறின படகுகள் அவர்கள் முன்னால் ஏரியில் போகும். எங்களுடையது மூன்றாவது படகு. அதற்கு வைத்த முதல் இரண்டு பரீட்சையிலும் தோற்றுப்போனோம்.

கொடி நாளுக்கு ஒரு வாரம் முன்னால் சார்ஜென்ட் எங்களை வரிசையில் நிறுத்தினார். "நாளைக்குக் கடைசிப் பரீட்ச. தேறினா தண்ணில போவீங்க. தேறலன்னா கொடி நாள் அன்னிக்கு சமையக்கட்டுல தட்டு கழுவுவீங்க. இந்தத் தடவ சுக்கான நானும் புடிக்கலாம், வேணும்னா உங்கள்ல ஒருத்தனும் புடிக்கலாம். ரிசர்வுல கொந்தோரி சும்மா இருக்கான். யாரையாவது மாத்தணும்னா மத்தியானத்துக்குள்ள வந்து சொல்லுங்க. நான் மாத்த மாட்டேன். படகு உங்களோடது."

யாரை என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு உருளைக்கிழங்கு உரிக்கிற முறை எனக்கும் எவாரிஸ்தோவுக்கும். மற்ற ஆறு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்: "உனக்குத்தான் வாய் இருக்கே, நீயே சொல்லிரு." எனக்கும் சம்மதம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

சமையல்கட்டின் பின்பக்கம் வெயிலில் இரண்டு மூட்டைக் கிழங்கு. நான் மூணு கிழங்கு உரிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"எவாரிஸ்தோ, நாளைக்கு உன் எடத்துல கொந்தோரி. எல்லாரும் சேந்து எடுத்த முடிவு."

அவன் கத்தி நிற்கவில்லை. தோல் ஒரே சுருளாக இறங்கியது.

"சரி," என்றான். சுருளை வாளியில் போட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழமதான ஃபோன் குடுப்பாங்க? வர வேணாம்னு அம்மாகிட்ட சொல்லணும்" என்றான்.

"எதுக்கு வர வேணாம்? கொடி முன்னாடி நீயும்தான நிப்ப."

"அவங்க கொடி பாக்க வரல. பதினோரு பேரு லாரி புடிச்சு வர்றாங்க, ஒரு நாள் முழுக்க ரோட்டுலயே. எங்க ஆளுல ஒருத்தன் தண்ணி மேல போறதப் பாத்து ஒம்பது வருசமாச்சாம். அதப் பாக்கணும்னு வர்றாங்க."

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதும் கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

"அப்ப ஒழுங்கா துடுப்பு போட்டுத் தொலைய வேண்டியதுதானடா! அப்படி என்னத்தப் பாக்குற அங்க? திரும்பித் திரும்பி என்ன இருக்குன்னு பாக்குற?"

கத்தி நின்றது.

"தண்ணி இருக்கான்னு பாக்குறேன்."

நான் ஏரியைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டின தூரம் நீலம். கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

"எங்க ஏரி ஆழம் கெடையாது," என்றான். "அப்பா முன்னாடி நின்னு கழி போடுவாரு. நான் பின்பக்கம் பாத்து உக்காந்து வல விடுவேன். அப்ப ஒம்பது வயசு எனக்கு. அன்னிக்கும் அப்படித்தான் உக்காந்திருந்தேன். கரை சின்னதா ஆயிக்கிட்டே போச்சு. நான் என்னமோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டிருந்தேன். படகு திடீர்னு நின்னுருச்சு. ஒரு சத்தம், சேத்துல அடி உரசுற சத்தம். திரும்பிப் பாக்குறேன், முன்னாடி தண்ணி இல்ல."

"இல்லன்னா?"

"இல்ல. சேறும் செத்த மீனும்தான். அப்பா கழியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, என்னப் பாக்கவே இல்ல. எறங்கி நடந்து வந்தோம். படகு இன்னும் அங்கதான் கெடக்கு. அப்பா உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போயிட்டாரு." அவன் அடுத்த கிழங்கை எடுத்தான். "சார்ஜென்ட் சொல்றது எனக்குப் புரியுது வில்மர். மூணு துடுப்பு பல்லக் கடிச்சுக்கிட்டுப் போடுறேன். நாலாவதுக்கு அந்தச் சத்தம் கேக்குது."

நான் மிச்சக் கிழங்கு முழுக்கப் பேசாமல் உரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் படகுக் கொட்டகைக்குப் போனேன். சார்ஜென்ட் கோக்கா இலைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாத்தணும் சார்ஜென்ட்."

"யார?"

"என்ன. என் துடுப்பு கொந்தோரிக்கு. சுக்கான் எனக்கு."

அவர் குவளையைக் கீழே வைத்தார். "உனக்கு எதுக்கு?"

"எனக்குக் குரல் பெருசு சார்ஜென்ட்."

"அது தெரியும். ஜனவரிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன். சுக்கான்காரன் ரெண்டு வார்த்ததான் சொல்லணும். ஒண்ணு, ரெண்டு. உன்னால முடியுமா?"

"முடியாது சார்ஜென்ட். வேற சொல்ல அனுமதி வேணும்." எவாரிஸ்தோ சொன்னதை அவரிடம் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் ஏரிப் பக்கம் திரும்பினார். ஏழு மாதமாக அந்தப் பையனைக் கொடிக்கம்பத்துக்கு ஓடவிட்டவர் அவர். அவருக்கும் அது உறைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

"மினிபஸ்ஸுல என்ன கூவுவ நீ?" என்று கேட்டார்.

"எடமிருக்கு, எடமிருக்கும்பேன்."

"இருக்குமா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"படகுல அப்படிச் சொன்னா எட்டு பேரும் தண்ணிக்குள்ள. ஏரி ஐசு. முன்னாடி என்ன இருக்கோ அதச் சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. படகு நேரா போச்சுன்னா நீ என்ன வார்த்த சொன்னன்னு பரீட்ச வைக்கிற லெப்டினன்ட் கேக்க மாட்டாரு." அவர் எழுந்தார். "வா. சாயங்காலத்துக்குள்ள சுக்கான் புடிக்கக் கத்துக்கோ."

மறுநாள் காற்று பலமாக இருந்தது. லெப்டினன்ட் மோட்டார் படகில் பக்கத்திலேயே வந்தார். துறையிலிருந்து கிளம்பி, ஆரஞ்சு மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும், ஒரு இடத்திலும் நிற்காமல். எவாரிஸ்தோ எனக்கு நேர் எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பலாக இருந்தது. அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "நீ என் மூஞ்சியப் பாரு. மிச்சத்த நான் சொல்றேன்."

முதல் இழுப்பு. நான் தொண்டையைத் திறந்தேன்.

"தண்ணி இருக்கு!"

இரண்டாவது. "தண்ணி இருக்கு!" மூன்றாவது. நாலாவதுக்கு அவன் தோள் திரும்பத் தொடங்கியது. "தண்ணி இருக்குடா, நெறைய இருக்கு! எடது பக்கம் ரெண்டு வாத்து, தூரத்துல ஒரு தோணி, நேரா போனா பெரு நாடே வந்துரும்! ஏறுங்க, ஏறுங்க!" கொந்தோரி சிரித்துவிட்டான். எவாரிஸ்தோவின் தோள் பாதியில் நின்று, திரும்பி வந்தது. துடுப்பு பிந்தவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. நாலாவதைத் தாண்டி நாங்கள் அதற்கு முன்னால் நிற்காமல் போனதே இல்லை.

மிதவைவரை நன்றாகத்தான் போனோம். சுற்றுகிற இடத்தில் காற்று பக்கவாட்டில் வந்து தள்ளிற்று. நான் சுக்கானை மாற்றி இழுத்துவிட்டேன். ஒரு நாள் பயிற்சியின் லட்சணம் அது. படகு கோரைப் பக்கம் சாய்ந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கடியில் பாசியும் சேறும் தெரிந்தன, ஒரு கை ஆழம்கூட இருக்காது.

வாயில் "தண்ணி இருக்கு" தயாராக நின்றது. எத்தனை வருஷப் பழக்கம்! எதிரே அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டால் இன்னும் நாலு துடுப்பு போடுவான். அப்புறம் அந்தச் சத்தம் வந்துவிடும், அவனுக்கு மட்டும் கேட்கிற சத்தமாக இல்லாமல் எல்லோருக்கும் கேட்கிற சத்தமாகவே.

"தண்ணி இல்ல!" என்று கத்தினேன். "முன்னாடி சேறு! என் தப்பு! எடது கை நிறுத்து, வலது கை இழு!"

அவன் கண் பெரிதாகியது. திரும்புவான் என்றுதான் நினைத்தேன். திரும்பவில்லை. வலது வரிசைக்காரன் அவன், இழுத்தான். துடுப்பு சேற்றைத் தொட்டதும் கையில் எதையோ உணர்ந்தவன்போல, ஏழு மாதத்தில் முதல் தடவையாகப் படகில் தானாக வாய் திறந்தான்: "சேறு இளசா இருக்கு. நிக்காதீங்க, இன்னும் மூணு இழுப்பு, அப்புறம் ஆழம்!"

மூணு இழுத்தார்கள். படகின் அடி எதையும் உரசவில்லை. கோரை விலகிற்று, கீழே பச்சை கறுத்து நீலமாயிற்று.

"தண்ணி இருக்கு!" என்று எட்டுப் பேரும் சேர்ந்து கத்தினார்கள். நான் சொல்லவேயில்லை.

துறைக்கு வந்ததும் லெப்டினன்ட் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சார்ஜென்ட், இது என்ன எண்ணிக்க? ஒண்ணு ரெண்டு எங்க போச்சு?"

"மூணாவது படகு இப்படித்தான் எண்ணும் சார்," என்றார் தர்கீனோ. லெப்டினன்ட் பேனாவை எடுத்துத் தேறியது என்று எழுதினார்.

கொடி நாள் அன்றைக்கு முகாம் வாசலுக்கு வெளியே பஸ்ஸும் லாரியும் நெருக்கியடித்து நின்றன. சத்தியத்துக்கு வரிசையில் நிற்கும்போது தலை திரும்பக் கூடாது, அதனால் யார் வந்தார்கள் என்று தெரியாது. எவாரிஸ்தோவின் ஆட்கள் வந்ததை மட்டும் பார்த்தேன். வைக்கோல் தொப்பி போட்ட பதினோரு பேர், பேண்டு வாத்தியத்தின் பக்கம்கூடப் போகாமல், எங்களுக்கு நேர் எதிரே இருந்த படகுத்துறைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சத்தியம் முடிந்ததும் சார்ஜென்ட் எங்கள் வரிசையில் வந்தார். "மாலுமிகளே, படகுக்கு," என்றார். சொறி என்ற பெயர் அத்தோடு போயிற்று. கொந்தோரி மூக்கை உறிஞ்சினான்.

துறையைவிட்டுக் கிளம்பினோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. துடுப்புப் போடுகிற எட்டுப் பேருக்கும் கரை நேர் எதிரே தெரிகிறது. அம்மா, அப்பா, தங்கை, எல்லோரையும் பார்த்துக்கொண்டே இழுக்கிறார்கள். கரைக்காரர்களுக்கும் அவர்கள் முகம் தெரிகிறது. ஏழு மாதமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தவன் அன்றைக்குத் திரும்பியிருந்தால் தன் அம்மாவைப் பார்த்திருக்க முடியாது. அவன் திரும்பவேயில்லை. பல் தெரியச் சிரித்துக்கொண்டே இழுத்தான். கரையிலிருந்து ஒரு பெண் குரல் அவர்கள் பாஷையில் ஏதோ கத்தியது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் தாடைவரை இறங்கியது. துடுப்பு ஒரு இழுப்புகூடப் பிந்தவில்லை.

கரைக்கு முதுகு காட்டினவன் படகில் நான் ஒருத்தன்தான். திரும்பிப் பார்க்க உயிர் துடித்தது. எட்டுப் பேரின் கண்ணும் நான்தான். திரும்பினால் படகு கோணும். உதடு அசையாமல் பேசுவது அந்த ஏழு மாதத்தில் நான் கற்றுக்கொண்ட வித்தை.

"எவாரிஸ்தோ. எங்கம்மா வந்திருக்காங்களா பாரு."

"எப்படி இருப்பாங்க?"

"குட்டையா. பச்சப் போர்வ. கையில பெரிய கெட்டில் இருக்கும்."

ஒரு இழுப்பு. இரண்டு இழுப்பு. அவன் கண் என் தோளுக்கு மேலே கரை முழுக்கத் தேடிற்று.

"இருக்காங்க," என்றான். "எங்கம்மா பக்கத்துல நிக்கிறாங்க. எங்க ஆளுங்களுக்கு என்னமோ ஊத்திக் குடுத்துக்கிட்டிருக்காங்க."

"டேய், பொய் சொல்லாத."

"இந்தப் படகுல பொய் சொல்றதில்ல," என்றான் எவாரிஸ்தோ. "இப்ப கெட்டில கீழ வெச்சுட்டாங்க. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுறாங்க."

எனக்கு முன்னால் ஏரி கலங்கிப்போய்த் தெரிந்தது. சுக்கானை விட்டுக் கண்ணைத் துடைக்க முடியாது. நேராகப் பார்த்துக்கொண்டு, கரைவரை கேட்கும்படி கத்தினேன்:

"தண்ணி இருக்கு!"